கரை மேல் நின்று எழுதிய கணக்கு

எனக்குத் தெரிந்த ஊர்களில் முக்கால்வாசியை நான் மேலேயிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அங்கே என்ன மொழி பேசுவார்கள், காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்றெல்லாம் தெரியாது. எந்தத் தெரு எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, எந்த வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை இருக்கிறது என்று தெரியும். சென்னையில் ஒரு வரைபட நிறுவனத்தில் வேலை. செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூரையைச் சுற்றியும் மவுஸால் கோடு இழுத்து அடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு கூரை. நல்லா கை வந்துவிட்டால் தொள்ளாயிரம் வரைக்கும் போகலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இதிலும் சில சூட்சுமங்கள் உண்டு. செயற்கைக்கோள் எப்போதும் நேர் மேலே இருந்து எடுப்பதில்லை, கொஞ்சம் சாய்வாகத்தான் பார்க்கும். அதனால் உயரமான கட்டடங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். கூரையின் மேல் கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டை அப்படியே இழுத்துக் கட்டடத்தின் காலடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கட்டடம் உண்மையில் நிற்கிற இடம் அதுதான். நிழலை வைத்து உயரம் சொல்லலாம். தகரம் பளிச்சென்று தெரியும். ஓடு செம்மண் நிறம். கான்கிரீட் மொட்டை மாடி என்றால் மேலே ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க் இருக்கும்.

கஷ்டம் கூரை வீடுதான். சுமார் 600 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஓலைக் கூரையும் வைக்கோல் போரும் ஒன்றுதான். இரண்டும் பழுப்பு, இரண்டும் ஓரம் பிசிறடித்து இருக்கும். அதற்காக எங்களுக்கு ஒரு விதி கொடுத்திருந்தார்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடு. தப்பாக ஒரு வீட்டைச் சேர்த்தால் தரம் பார்க்கிறவர் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார், மதிப்பெண் குறையும். விட்டுப்போன வீட்டை யாரும் தேடிக்கொண்டு வர மாட்டார்கள்.

நானும் விட்டுவிடுவேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான், ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

*

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டுத்தான் வந்தேன். கல்லூரி நாட்களில் என் லேப்டாப்பில் ‘மேலேருந்து’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. சவூதி அரேபியாவின் வாடி சிர்ஹான் பாலைவனத்தில் தெரியும் பச்சை வட்டங்கள் அதில் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறுக்களவு. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் பூமிக்குள் போன தண்ணீரை மேலே இழுத்து, நடுவில் ஒரு குழாயை ஊன்றி, கடிகார முள் மாதிரி சுற்றவிட்டுப் பயிர் செய்கிறார்கள். பார்க்கிறபோது யாரோ மணலில் பொட்டு வைத்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான படங்கள். அறைத்தோழி கேட்பாள், "இதையெல்லாம் வச்சு என்னடி பண்ணப் போற?" தெரியாது. பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை. 1858-இல் நாதார் என்கிற பிரெஞ்சுக்காரர் பலூனில் ஏறிப் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தை மேலேயிருந்து படம் எடுத்தார். வானத்திலிருந்து எடுத்த முதல் புகைப்படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் படம் இப்போது இல்லை. இருப்பதில் பழையது, 1860-இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பவர் பலூனிலிருந்து எடுத்த பாஸ்டன் நகரம். அதைப் பார்த்தால் என் அலுவலகத் திரையைப் பார்ப்பது மாதிரியே இருக்கும். வரிசையாகக் கூரைகள், கூரைகள், இடையில் வளைந்து போகிற தெருக்கள்.

இந்த வகைப் படங்களை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தவர் யான் ஆர்தூஸ்-பெர்த்ரான். கென்யாவில் சிங்கங்களைப் பற்றி ஆராயப் போனவர், அங்கே பலூன் ஓட்டக் கற்றுக்கொண்டு, மேலேயிருந்து பார்க்கிற ருசியில் மாட்டிக்கொண்டார். 1999-இல் வந்த அவருடைய புத்தகத்தின் அட்டையில் ஒரு இதயம் இருக்கும். பசிபிக் பெருங்கடலில் நியூ கலிடோனியா தீவில், வோ என்ற ஊருக்குப் பக்கத்து அலையாத்திக் காட்டில், இயற்கையாகவே அமைந்த இதய வடிவம். சுற்றிலும் அடர்பச்சை, நடுவில் வெளிர் நிறத்தில் அப்பழுக்கில்லாத இதயம். காதலர் தின வாழ்த்தட்டையில் நீங்கள்கூட எங்காவது பார்த்திருக்கலாம். என் ஃபோல்டரில் முதல் படம் அதுதான்.

அந்த இதயம் ஏன் அங்கே இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் மேடு. பெரிய ஏற்றம் வருகிற நாட்களில் மட்டும்தான் கடல்தண்ணீர் அங்கே ஏறும். ஏறிய தண்ணீர் வெயிலில் வற்றும், உப்பு அங்கேயே தங்கும். திரும்பத் திரும்ப இதே நடந்து, அலையாத்தி மரங்களே தாங்க முடியாத அளவுக்கு மண் உப்பாகிவிட்டது. மரம் வளர முடியாமல் போன இடத்தைத்தான் நாம் இதயம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படித்த அன்றைக்கு எங்கள் மாவட்டத்துப் பிச்சாவரத்தைத் திரையில் திறந்து பார்த்தேன். சின்ன வயசில் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் படகில் போயிருக்கிறேன். வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும். படகோட்டி "கையை வெளில நீட்டாத பாப்பா" என்று அதட்டிக்கொண்டே வந்தார். மேலேயிருந்து பார்த்தால் அதே காட்டுக்குள் நேர் நேரான கோடுகள் தெரிகின்றன. நடுவில் ஒரு கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளைகள். மீன் முள் மாதிரி. அந்தக் காலத்தில் காட்டை மொத்தமாக வெட்டி எடுத்த இடங்களில், வெயில் பட்டு மண் இறுகி, தரை தாழ்ந்துபோய்ப் பள்ளமாகிவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பானது. அங்கே கன்று பிழைக்கவில்லை. பிறகு வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வந்து போக வழி செய்து, கன்று நட்டார்கள். மரம் திரும்பி வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கடற்கரையைச் செயற்கைக்கோள் படங்களில் ஆராய்ந்தவர்கள், அடர்த்தியான மரங்களுக்குப் பின்னால் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று எழுதினார்கள்.

அங்கேயிருந்து திரையை வடமேற்கே நகர்த்தினால் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். மேலேயிருந்து பார்க்கிறபோது பெரிய சிப்பி ஒன்று திறந்து கிடப்பது மாதிரி, படிப்படியாக வளைந்து இறங்கும் சாம்பல் கோடுகள். உலகத்தின் எந்தப் புகைப்படப் புத்தகத்திலும் தயங்காமல் வைக்கலாம். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் அங்கே வெட்டவே முடியும். அங்கே வெட்டுகிற கரியிலிருந்து வருகிற மின்சாரத்தில் கொஞ்சம் சென்னைக்கும் வருகிறது. அது ஓட்டுகிற கணினியில்தான் நான் நெய்வேலியை அழகு பார்த்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அழகு குறையவில்லை. அதுதான் எனக்குப் பிரச்சினை. உப்புப் பூத்துச் செத்த இடம் என்று தெரிந்த பிறகும் அந்த இதயம் இதயமாகத்தான் இருந்தது.

*

என் ஃபோல்டரில் எல்லோருக்கும் தெரிந்த படம் ஒன்றும் இருந்தது. 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 விண்கலத்திலிருந்து எடுத்த பூமியின் முழுப் படம். ‘நீலக் கோலி’ என்று பேர் வைத்தார்கள். கிளம்பி ஐந்து மணிநேரம் ஆகியிருந்தது. சுமார் 29,000 கிலோமீட்டர் தூரம் போயிருந்தார்கள். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் பூமி முழு வட்டமாக ஒளியில் இருந்தது. செர்னன், எவன்ஸ், ஷ்மிட் என்று மூன்று பேர் உள்ளே இருந்தார்கள். யார் கையில் அப்போது கேமரா இருந்தது என்பதில் இன்றுவரை ஒரு முடிவில்லை. படத்தில் ஆப்பிரிக்கா முழுசாகத் தெரியும், மேலே அரேபியா, கீழே அண்டார்டிகாவின் வெள்ளை. பாடப்புத்தகம், டீ-ஷர்ட், சுற்றுச்சூழல் போஸ்டர் எல்லாவற்றிலும் அந்தப் படம்தான்.

ஒரு நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து, வேலை ஓடாமல் அந்தப் படத்தைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். வலது மேல் பக்கம், விளிம்பை ஒட்டி, இந்துமாக்கடல் பக்கமாக ஒரு வெள்ளைச் சுழி இருக்கிறது. இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், ஏதோ மேகம் என்று கடந்துபோயிருக்கிறேன். அது ஒரு புயல் என்று போட்டிருந்தது. படம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால், டிசம்பர் 5 அன்று, தமிழ்நாட்டைத் தாக்கிய புயல்.

1972 டிசம்பர் 5. கடலூர்ப் புயல்.

எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அந்தப் புயலுக்கு வேறு பேர். ‘அத்த போன பொயலு’.

*

அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தாள். செல்லக்கிளி என்று பேர். அந்தப் புயலில் செத்துப்போனாள், நாலு வயசு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அப்போது ரெண்டு வயசு, அவருக்கும் இதற்கு மேல் தெரியாது. வீட்டில் அவளுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. தாத்தாவின் படம் இருக்கிறது, தாத்தாவின் அம்மாவுக்கு யாரோ பென்சிலில் வரைந்து கொடுத்த படம்கூட இருக்கிறது. அத்தைக்கு இல்லை. பொங்கலுக்கு முந்தின நாள் படைக்கிறபோது ஆயா ஒரு சின்னப் பாவாடையை மடித்து வைப்பாள். அது அத்தையுடையது இல்லை, அத்தைக்காக ஒவ்வொரு வருஷமும் சந்தையில் வாங்குகிறது. படைத்து முடித்ததும் தெருவில் யாராவது நாலு வயசுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயம்பேடு போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அந்தப் படத்தைப் பெரிதாக, கலரில், வழவழப்பான தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று தெளிவாக யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. அத்தை செத்த நேரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் எடுத்த படம் உலகத்தில் ஒன்று இருக்கிறது, அதை ஆயா பார்த்ததில்லை.

எங்கள் ஊர் பண்ருட்டிக்குக் கிழக்கே, செம்மண்ணும் முந்திரிக் கொல்லையுமாக இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே காலையில் கொல்லை முழுக்க வேரோடு சாய்ந்தது. பலா மரங்கள் முறுக்கிப்போட்ட துணி மாதிரி கிடந்தன. அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆயா அழவில்லை. "மரந்தான போச்சி" என்றாள். அப்போது அது ஆறுதல் என்று நினைத்தேன்.

நான் போனபோது ஆயா திண்ணையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாலில் கை கறுத்துப்போய்த்தான் இருக்கும், சின்ன வயசில் அதைப் பார்த்துப் பயப்படுவேன். சாம்பலில் கையைப் புரட்டித் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள்.

"என்னா பாப்பா இது, கோலிகுண்டா?"

"பூமி ஆயா. நாம இருக்குற பூமி. ராக்கெட்டுல போனவங்க மேலேருந்து எடுத்தது."

தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் திருப்பி வைத்தேன். வலது மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். "இந்த வெள்ளை தெரியுதா? இது ஒரு பொயலு. எழுவத்திரண்டுல வந்துதே, அந்தப் பொயலு. அது கரையேறி ரெண்டு நாள் கழிச்சு எடுத்த படம்."

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து வரச் சொன்னாள். எடுத்து வந்து கொடுத்தேன். மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இத எடுத்தவன் பாத்தானா?"

"எதை ஆயா?"

"எங்கள."

"மேகத்தப் பாத்திருப்பாங்க. ஊரு, வீடெல்லாம் தெரியாது ஆயா. அவ்ளோ தூரம்."

"ஆமா," என்றாள். "அவ்ளோ தூரத்துலேருந்து என்னா தெரியும்."

அதற்கப்புறம்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. முந்திரிக்கொட்டையை எடுத்து மறுபடியும் உடைக்க ஆரம்பித்துவிட்டாள், உடைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

"செவ்வாக்கெழம. மத்தியானத்துலேருந்து காத்து. ராத்திரி ஆவ ஆவ கூரையப் பிச்சி எறியுது. நம்மூட்டுக்குக் கருப்பந்தோகை போட்ட கூரை, மண்ணு செவுரு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க, அது ஒண்ணுதான் ஓடு போட்ட கட்டடம். உங்கப்பன நான் இடுப்புல தூக்கிக்கிட்டன். கிளிய உங்க தாத்தா தூக்கிக்கிட்டு வரணும். நான் முன்னால போயிட்டன். இவுரு பசுமாடு கத்துதேன்னு, புள்ளய உள்ள உக்கார வச்சிட்டு, மாட்ட அவுத்துவுடப் போனாரு. ஒரு நொடிதான். மாட்ட அவுத்தாரு. செவுரு வுழுந்துட்டுது."

உடைத்த பருப்பை முறத்தில் போட்டாள்.

"அந்த மாடு அப்பறம் ஒம்பது வருசம் இருந்துது. அது கறந்த பால ஒரு நாளு உங்க தாத்தா வாயில வச்சதில்ல."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தாத்தா காபி, டீ எதுவும் குடிக்க மாட்டார் என்று தெரியும். பால் பிடிக்காது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஊரே தண்ணி. பொதைக்க மேட்டு எடம் இல்ல. பள்ளிக்கூடத்துத் தாவாரத்துல துணி சுத்தி வச்சிக்கினு இருந்தம். வியாழக்கெழம பொழுது சாயிற நேரத்துக்குத்தான் கொஞ்சம் வடிஞ்சிது. அப்பத்தான் கொண்டுபோயிப் பொதச்சம்."

படம் எடுத்ததும் வியாழக்கிழமைதான். விண்கலம் இந்திய நேரப்படி காலை பதினொன்றுக்குக் கிளம்பியது. ஐந்து மணிநேரம் கழித்துப் படம் எடுத்தார்கள் என்றால், மாலை நாலு மணி. மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆயாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

"சர்க்காருல எதுவும் குடுக்கலயா ஆயா?" என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"குடுத்தாங்க. ஊடு வுழுந்தவங்களுக்கு. கர்ணம் வந்தாரு எழுதிக்கிட்டுப் போவ. எறங்கி வந்தா இடுப்பளவுத் தண்ணி. அதனால ஏரிக்கரை மேலயே நின்னுக்கிட்டு, அது யாரு ஊடு, இது யாரு ஊடுன்னு தலையாரியக் கேட்டுக் கேட்டு எழுதுனாரு. பாதி வுழுந்த ஊடு கரைலேருந்து தெரியும். முழுசா வுழுந்த ஊடு எப்பிடித் தெரியும்? எங்கூடு தண்ணிக்குள்ள மண்ணாக் கெடக்குது. அந்த எடத்துல ஊடே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. உங்க தாத்தா போயிக் கேட்டதுக்கு, கணக்குல இல்லாத ஊட்டுக்கு எப்பிடிய்யா குடுக்க முடியும்ன்னாராம்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவுரு மேல தப்பு சொல்ல முடியாது. கெட்டவுரு இல்ல. கரைலேருந்து என்னா தெரிஞ்சிதோ அதான எழுதுவாரு."

*

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மலாவியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆப்பிரிக்காவில் ஒடுக்கமாக நீண்டு கிடக்கிற நாடு. நீலக் கோலி படத்தில் ஆப்பிரிக்காவின் வலது ஓரத்தை ஒட்டி இருக்கும். அதன் தெற்குப் பகுதியில் ஷிரே என்று ஒரு ஆறு ஓடுகிறது. 2022-இல், நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில், அந்த ஆற்றங்கரை ஊர்கள் எனக்கு வந்தன. வெள்ள அபாயக் கணக்குக்காக யாரோ வரையச் சொல்லியிருந்தார்கள். யார், எதற்கு என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். மேலேயிருந்து ரொம்ப அழகான இடம். ஆறு பின்னல் பின்னலாகப் பிரிந்து சேரும், நடுவில் பச்சை நாணல் திட்டுகள். அந்தப் படத்தையும் என் ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். கரையோரம் முழுக்கப் பழுப்புப் பொட்டுகள். கூரையா, போரா, பட்டியா, தெரியவில்லை. தகரக் கூரைகளை எல்லாம் வரைந்தேன். பழுப்புப் பொட்டுகளை விட்டுவிட்டேன். சந்தேகம் வந்தால் விட்டுவிடு. அந்த வாரம் என் மதிப்பெண் தொண்ணூற்றெட்டு. குழுவில் கைதட்டினார்கள். எங்கள் டீம் லீட் அக்கா பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி சூறாவளி வந்தது. மலாவியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், காணாமல் போனவர்களையும் சேர்த்து. மலையோரத்தில் மண் சரிந்து போனவர்கள் அதிகம். ஷிரே பள்ளத்தாக்கில் ஊர் ஊராகத் தண்ணீர். மண் சுவர் ஊறி விழுந்தது என்று செய்தியில் வாசித்தேன். அப்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் நான் வரைந்த படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிக்கொண்டேன். சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். அந்த வரைபடத்தை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பொட்டுகள் உண்மையிலேயே வைக்கோல் போராகவும் இருக்கலாம்.

ஆனால் எங்கள் ஊரை மேலேயிருந்து பார்த்தால் ஆயா வீடும் ஒரு பழுப்புப் பொட்டாகத்தான் இருந்திருக்கும். அதையும் நான் விட்டிருப்பேன். யோசிக்காமல், அடுத்த தகரக் கூரைக்குப் போயிருப்பேன். அந்தக் கர்ணத்துக்காவது இடுப்பளவுத் தண்ணீர் இருந்தது. எனக்கு ஏசி அறை, சுழலும் நாற்காலி.

விடிந்ததும் ஆயாவிடம், "அந்த வீடு எங்க இருந்துது?" என்று கேட்டேன். குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இப்போதைய வீட்டிலிருந்து வடக்கே, ஏரிக்கரைக்குக் கீழே, ஒரு மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் காலி இடம். ஆடாதொடையும் நெருஞ்சியும் முளைத்துக் கிடந்தது. ஆயா குச்சியால் தரையைத் தட்டித் தட்டி நடந்தாள். "இது வாசல். இங்க அடுப்பு. இது மாடு கட்டற எடம்." பிறகு நாலு அடி தள்ளிப் போய் நின்றாள். "இந்தச் செவுருதான்."

மாடு கட்டின இடத்துக்கும் சுவருக்கும் நடுவில் நான் நின்று பார்த்தேன். ஆறு அடி இருக்கும். இதைத்தான் தாத்தா ஆயுசு முழுக்க நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

போனை எடுத்துச் செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தைத் திறந்தேன். ஒரு நீலப் புள்ளி, நான் நிற்கிற இடம். அதைச் சுற்றி வெளிறிய பழுப்பு. பக்கத்தில் மோட்டார் கொட்டகையின் சாம்பல் சதுரம். அதற்கு மட்டும் யாரோ ஒழுங்காகக் கோடு போட்டிருந்தார்கள்.

*

சென்னை திரும்பியதும் முதல் வேலையாக அந்த மலாவிக் கோப்பைத் திறக்கப் பார்த்தேன். முடியவில்லை. வேலை முடிந்து ஒப்படைத்துவிட்டால் எங்களுக்கு அனுமதி போய்விடும். அதனால் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். அது யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற வரைபடம். பேரிடர் வந்த இடங்களை உலகம் முழுக்க இருந்து தன்னார்வலர்கள் அதில் வரைகிறார்கள். 2015-இல் நேபாள பூகம்பத்தின்போது ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். ஷிரே ஆற்றங்கரையைத் தேடிப் போனேன். நான் விட்டுப்போன இடத்தில் நிறைய வீடுகளை ஏற்கெனவே யாரோ வரைந்திருந்தார்கள். சின்னச் சின்ன வட்டங்களாக. அவர்களுக்கும் சந்தேகம் வந்திருக்கும். அதே பழுப்புதானே அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் அங்கே உட்காருகிறேன். வீடா போரா என்று முடிவெடுக்க முன்னைவிட ரொம்ப நேரம் ஆகிறது. அந்தப் பொட்டுக்கு ஒற்றையடிப் பாதை போகிறதா என்று பார்ப்பேன். வைக்கோல் போருக்கும் பாதை போகும்தான், ஆனால் வீட்டுக்கு முன்னால் மண் வேறு மாதிரி வெளுத்திருக்கும். பெருக்கிப் பெருக்கி வெளுத்த வாசல். பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். போர் என்றால் அறுவடை முடிந்து சில மாதத்தில் கரைந்துவிடும், வீடு அங்கேயே நிற்கும். ஒரு மணிநேரத்தில் இருபதுதான் முடிகிறது. அலுவலகத்தில் இந்த வேகத்தில் வரைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் ஒன்று. நீலக் கோலியின் அசல் பிரதியில் தென்துருவம் மேலே இருக்கிறது என்று சமீபத்தில் படித்தேன். அவர்கள் எடுத்தது அப்படித்தான். நாம் வரைபடத்தில் பார்த்துப் பழகிய மாதிரி வடக்கு மேலே வரவேண்டும் என்பதற்காகப் பிற்பாடு திருப்பி வெளியிட்டிருக்கிறார்கள். ஆயா தலைகீழாகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து நான்தான் திருப்பி வைத்தேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, பூமிப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று ஆயாவைக் கேட்டேன். "செவுத்துல எதுக்கு?" என்றாள். எங்கே வைத்திருக்கிறாள் என்று தேடினேன். அலமாரியில் மஞ்சள் பையில் இருந்தது. ரேஷன் கார்டு, ஆதார், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், முந்திரிக் கொல்லைப் பட்டா, அதற்கெல்லாம் அடியில் நாலாக மடித்து வைத்திருந்தாள்.